ஷட்டில் ஆடினா ஹைட் ஆவாங்களா?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி, நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி. சில சமயம் பதினஞ்சு வயசுப் பையனே கேட்பான். சில சமயம் அவனோட அக்கா கேட்பாங்க. நிறைய நேரம் அம்மாதான். "ஷட்டில் கிளாஸ் சேர்த்துவிட்டா புள்ள ஹைட் ஆவானா?" டென்னிஸுக்கும் இதே கேள்வி வரும். பேஸ்கட்பாலுக்கும் ஸ்விம்மிங்குக்கும் வராது. ஏன்னா அது ரெண்டும் உயரமாக்கும்னு எல்லாரும் எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன், பாதியில ஆஃபீஸ் வந்து இறங்கறவங்களுக்கு வசதியா இருக்கும். ஆகாது. ஷட்டில் உயரத்தைக் கூட்டாது. சரியா சாப்பிட்டு, சரியா தூங்கி ஆடினா குறைக்கவும் செய்யாது. ஆனா இதோட நிறுத்திட்டா பாதி விஷயம் தப்பிடும். பேட் பிடிச்சு ஆடற விளையாட்டு, வளர்ற எலும்புல நிஜமாவே ஒரு பெரிய வேலை பார்க்குது. அது நீளத்துல நடக்கறதில்ல, அவ்வளவுதான். அப்புறம், ஷட்டில் கிளாஸுக்குப் போற பசங்களோட வளர்ச்சியைத் தொந்தரவு பண்ற விஷயங்களும் சிலது இருக்கு. அதுல முக்கால்வாசி கோர்ட்டுக்கு வெளியில நடக்குது.

எலும்பு நீளறது எங்க?

எலும்பு ரப்பர் பேண்ட் மாதிரி இழுபட்டு நீளாது. தொடை எலும்பை எடுத்துக்கோங்க. வளர்ற வயசுல அதோட ரெண்டு முனைக்கும் பக்கத்துல குருத்தெலும்பால ஆன மெல்லிசான ஒரு அடுக்கு இருக்கும். இதை வளர்ச்சித் தட்டுன்னு சொல்லலாம். அதுக்குள்ள செல்கள் காசை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி வரிசையா நிக்கும். ஒரு பக்கம் புதுசு புதுசா பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் இருக்கறது உப்பிப் பெருசாகி, அப்புறம் அந்த இடம் எலும்பா மாறிடும். இப்படித்தான் தொடை எலும்பு நீளுது, கால் நீளுது, நீங்க உயரமாகறீங்க. முதுகெலும்பும் தன் பங்குக்கு வளரும்.

இந்தத் தட்டுக்கு உத்தரவு எங்கிருந்து வருது? வளர்ச்சி ஹார்மோன், தைராய்டு ஹார்மோன், பருவ வயசுல வர்ற பாலின ஹார்மோன்கள், இதுங்ககிட்ட இருந்து. பருவ வயசு ஆரம்பிச்சதும் வேகம் எகிறும். பெண் பிள்ளைகளுக்கு உச்ச வேகம் சராசரியா 12 வயசை ஒட்டி வரும், பையன்களுக்கு 14 வயசை ஒட்டி. உச்சத்துல இருக்கறப்போ பெண்களுக்கு வருஷத்துக்கு 8 சென்டிமீட்டர் மாதிரி, பையன்களுக்கு 9, 10 வரைக்கும்கூட போகும். வயசுக்கு வந்த பிறகு ஒரு பொண்ணு வளர்றது பொதுவா 5லிருந்து 7 சென்டிமீட்டர்தான். உச்ச வேகம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். இது நிறைய அம்மாக்களுக்கே தெரியாத விஷயம்.

அப்புறம் தட்டு மூடிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் 14லிருந்து 16க்குள்ள, ஆண்களுக்கு 16லிருந்து 18க்குள்ள. மூடறதுன்னா அந்தக் குருத்தெலும்பு முழுக்க எலும்பாயிடுது. அதுக்கப்புறம் நீள்றதுக்கு அங்க இடமே கிடையாது.

மூடற வேலையைச் செய்யறது ஈஸ்ட்ரோஜன். ஆமா, பையன்களுக்கும் அதேதான். 1994ல ஒரு மருத்துவ இதழ்ல ஒரு மனுஷரைப் பத்தி எழுதினாங்க. வயசு 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துக்கிட்டே இருந்தார். பார்த்தா, அவர் உடம்புல ஈஸ்ட்ரோஜன் இருக்கு, ஆனா மரபணுக் கோளாறால செல்கள் அதைக் கவனிக்கவே இல்ல. அதனால 28 வயசுல அவரோட எலும்புக்கு 15 வயசுப் பையனோட எலும்பு வயசுதான். ஒரு ஆள், ஒரு ஹார்மோன், தட்டை மூடறது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க எத்தனை ஸ்மாஷ் அடிச்சாலும் இந்தச் சங்கிலிக்குள்ள கை வைக்க முடியாது.

உடனே ஒரு கேள்வி வரும்: "எக்ஸர்சைஸ் பண்ணா வளர்ச்சி ஹார்மோன் கூடுதுன்னு சொல்றாங்களே?" கூடுது. நல்லா மூச்சு வாங்க ஆடினா கொஞ்ச நேரத்துக்கு ரத்தத்துல அளவு ஏறும், அப்புறம் இறங்கிடும். நல்லா சாப்பிடற, ஆரோக்கியமான பிள்ளைக்கு அந்த ஏற்றம் கடைசி உயரத்துல ஒரு சென்டிமீட்டர் கூட்டினதுக்கு ஆதாரம் கிடையாது. கம்பியில தொங்கற கதையும் அப்படித்தான். காலையில எழுந்ததும் நாம எல்லாருமே ராத்திரி இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் மாதிரி உயரமாத்தான் இருப்போம், ஏன்னா படுத்திருக்கறப்போ முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டுங்க தண்ணி உறிஞ்சி உப்பும். சாயங்காலத்துக்குள்ள போயிடும். விண்வெளிக்குப் போறவங்களே சில சென்டிமீட்டர் உயரமாகி, பூமிக்கு வந்ததும் பழையபடி ஆயிடறாங்க.

காக்கா உட்கார பனம்பழம்

அப்போ ஏன் இத்தனை பேர் கண்ணால பார்த்தேன்னு சொல்றாங்க? பொய் சொல்லல. பார்த்திருப்பாங்க.

ஒரு பையனை 13 வயசுல கோடை லீவுல ஷட்டில் கிளாஸ் சேர்க்கறாங்க. அடுத்த கோடைக்குள்ள 9 சென்டிமீட்டர் வளர்ந்துடறான். பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல. பேர் யாருக்கு? கோச்சுக்கு. அந்த வருஷம் கேரம் போர்டு வாங்கிக் கொடுத்திருந்தாலும் அதே 9 சென்டிமீட்டர்தான் வந்திருக்கும். வேகமா வளர்ற வயசும், நாம பசங்களைக் கிளாஸ்ல சேர்க்கற வயசும் ஒண்ணா இருக்கு. காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை.

ரெண்டாவது, வடிகட்டல். உயரமா இருந்தா நெட்டுக்கு மேல இருந்து செங்குத்தா அடிக்கலாம், கோர்ட்டோட மூலைக்குக் கை எட்டும். அதனால உயரமான பசங்க இந்த விளையாட்டுல கொஞ்சம் சுலபமா ஜெயிக்கறாங்க, ஜெயிக்கறவங்க தங்கறாங்க. பி.வி. சிந்து சுமார் 179 சென்டிமீட்டர். டிவியில பார்க்கறப்போ ஷட்டில் ஆடினா இப்படி ஆகலாம்னு தோணும். அவங்க அப்பா, அம்மா ரெண்டு பேருமே வாலிபால் ஆடினவங்க. அப்பா ரமணா, 1986 சியோல் ஆசிய விளையாட்டுல வெண்கலம் ஜெயிச்ச இந்திய வாலிபால் அணியில இருந்தவர். அந்த வீட்டுக் குழந்தை செஸ் ஆடியிருந்தாலும் உயரமாத்தான் இருந்திருக்கும்.

இதை நிரூபிக்க ஒரே ஒரு மேட்ச் போதும். 2017, கிளாஸ்கோ, உலகச் சாம்பியன்ஷிப் ஃபைனல். ஒரு பக்கம் சிந்து. இன்னொரு பக்கம் ஜப்பானோட நொசோமி ஒகுஹாரா, உயரம் சுமார் 156 சென்டிமீட்டர். ரெண்டு பேருக்கும் நடுவுல 20 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம். ரெண்டு பேரும் சின்ன வயசுல இருந்தே பேட் பிடிச்சவங்க, வளர்ற வருஷம் பூரா கோர்ட்லயே கிடந்தவங்க. 110 நிமிஷம் ஓடின அந்த மேட்ச்ல ஒரு ரேலி மட்டும் 73 ஷாட் போச்சு. கடைசியில 21-19, 20-22, 22-20ன்னு ஒகுஹாரா ஜெயிச்சாங்க. இந்தியாவுல பாதிப் பேர் அன்னைக்கு ராத்திரி தூங்கல, அது வேற கதை. விளையாட்டு உயரம் கொடுக்கும்னா, ஒகுஹாராவுக்கு மட்டும் ஏன் கொடுக்கல?

ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடினா குட்டையாயிடுவாங்கங்கற பயமும் இதே வடிகட்டல்தான், தலைகீழா. சின்ன உடம்புக்கு அந்த விளையாட்டு சுலபம், அதனால சின்ன உடம்புக்காரங்க தங்கறாங்க. 2013ல நிபுணர்கள் ஒண்ணா உட்கார்ந்து அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்துட்டு, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி ஒருத்தரோட கடைசி உயரத்தைக் குறைக்கறதாத் தெரியலன்னுதான் முடிவு சொன்னாங்க.

உயரத்துல பெரும்பங்கு எங்கிருந்து வருதுன்னா, அப்பா அம்மாகிட்ட இருந்து. நல்லா சாப்பிடற மக்கள் கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற உயர வித்தியாசத்துல சுமார் 80 சதவீதம் மரபணுவாலன்னு இரட்டையர் ஆய்வுகள் சொல்லுது. இதுக்கு உயர மரபணுன்னு ஒண்ணு தனியா இல்ல. 2022ல 54 லட்சம் பேரோட டிஎன்ஏவைப் பார்த்த ஆய்வுல, உயரத்தோட சம்பந்தப்பட்ட 12,111 இடங்கள் கிடைச்சுது. அத்தனை சின்னச் சின்னத் துளி சேர்ந்ததுதான் உங்க உயரம்.

டாக்டர்கள் பயன்படுத்தற ஒரு சாதாரணக் கணக்கு இருக்கு, போனை எடுத்துப் போட்டுப் பாருங்க. அப்பா உயரம், அம்மா உயரம் ரெண்டையும் கூட்டுங்க. பையன்னா 13 சென்டிமீட்டர் சேருங்க, பொண்ணுன்னா 13 கழிங்க. ரெண்டால வகுங்க. அப்பா 170, அம்மா 157ன்னா, பையனுக்கு 170, பொண்ணுக்கு 157. இதுக்கு மேலயும் கீழயும் 8 சென்டிமீட்டர் வரைக்கும் தாராளமா போகலாம். ஜோசியம் மாதிரி எடுத்துக்காதீங்க, ஒரு சுமாரான எல்லை அவ்வளவுதான்.

மிச்சம் இருக்கறது சின்ன வயசுச் சாப்பாடு, அடிக்கடி வர்ற நோய், தூக்கம், இந்த மாதிரி விஷயங்கள். இது சின்ன விஷயம்னு நினைச்சுடாதீங்க. தென் கொரியாவுல 1896ல பிறந்த பெண்களையும் 1996ல பிறந்த பெண்களையும் ஒப்பிட்டா, சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கு. நூறு வருஷத்துல மரபணு மாறல. தட்டுல சோறு மாறுச்சு, நோய் குறைஞ்சுது. கொரியாவுல பேட்மிண்டன் பயங்கர ஃபேமஸ்தான், ஆனா அந்த 20 சென்டிமீட்டரை அது கணக்குல எழுதிக்க முடியாது.

ஒரே ஆள், ரெண்டு கை

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

விளையாட்டு எலும்பை என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம். ஆடற பசங்களையும் ஆடாத பசங்களையும் ஒப்பிட்டா, சாப்பாடு வேற, குடும்பம் வேற, ஜீன் வேற. எது எதால வந்ததுன்னே தெரியாது. ஆனா பேட் பிடிச்சு ஆடறவங்ககிட்ட இயற்கையே ஒரு ஆய்வை நடத்தி வச்சிருக்கு. ஒரே ஆள். அதே ஜீன், அதே சாப்பாடு, அதே தூக்கம், அதே ஹார்மோன். ஒரு கை வருஷக்கணக்கா ஆடியிருக்கு, இன்னொரு கை சும்மா இருந்திருக்கு. ரெண்டையும் எக்ஸ்-ரே எடுத்துப் பக்கத்துல வச்சா போதும்.

1977ல தொழில்முறை டென்னிஸ் ஆடறவங்களை இப்படிப் பார்த்தாங்க. மேல் கை எலும்போட கெட்டியான வெளிச்சுவர் இருக்குல்ல, அது ஆடற கையில ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதம், பெண்களுக்குச் சுமார் 28 சதவீதம் தடிமனா இருந்துச்சு. அதே ஆளோட இன்னொரு கையைவிட! எலும்புக்குள்ள இருக்கற செல்கள் பளுவையும் வளைவையும் உணரும். எங்க அடி விழுதோ அங்க சுண்ணாம்பு பூசு, சுவரை எழுப்புன்னு சொல்லும். மேஸ்திரி மாதிரி.

இதைவிட முக்கியமானது 1995ல ஃபின்லாந்துல வந்த ஆய்வு. டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடற பெண்களைப் பார்த்தாங்க, எந்த வயசுல ஆட ஆரம்பிச்சாங்கன்னும் கேட்டாங்க. வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியோ, வந்த சமயத்துலயோ ஆரம்பிச்சவங்களுக்கு, பின்னாடி ஆரம்பிச்சவங்களைவிட ஆடற கையில எலும்புப் பலன் சுமார் ரெண்டு மடங்கு. அதே விளையாட்டு, அதே கை, ஆரம்பிச்ச வயசுதான் வேற.

ஏன்னா வளர்ற எலும்பு வெளிப்பக்கமாவும் பெருசாகும். அந்த வயசுல பளு கொடுத்தா சுத்தளவே கூடும். கனடாவுல பசங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து அளந்த ஒரு ஆய்வுல, வளர்ச்சி உச்சத்தை ஒட்டின ரெண்டே ரெண்டு வருஷத்துல, பெரியவங்களானப்புறம் இருக்கப்போற எலும்புச் சத்துல கிட்டத்தட்ட கால்வாசி சேர்ந்துடுதுன்னு கண்டாங்க. ரெண்டு வருஷத்துல கால்வாசி!

ஆட்டத்தை விட்டுட்டா போயிடுமான்னு கேட்பீங்க. 2014ல அமெரிக்காவுல பேஸ்பால் வீரர்களோட எறியற கையைப் பார்த்த ஆய்வு இதுக்குப் பதில் சொல்லுது. விட்டுப் பல பத்து வருஷம் ஆன வயசானவங்ககிட்டயும், இளமையில கூடின எலும்பு அளவுல பாதியும், பலத்துல மூணுல ஒரு பங்கும் அப்படியே இருந்துச்சு. அறுபது வயசுக்கு மேல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு உடையற பாட்டிங்க நம்ம எல்லார் குடும்பத்துலயும் இருக்காங்க. 13 வயசுப் பொண்ணு சாயங்காலம் ஷட்டில் ஆடறதோட வரவு அந்த வயசுல போய்த்தான் தெரியும். ஆனா "புள்ளைக்கு எலும்பு கெட்டியாகும்"னு சொல்லி எந்தக் கோச்சிங் சென்டரும் பேனர் வைக்கறதில்ல. உயரம்னாதான் விக்கும்.

சரி, நீளம்? விடாம கேட்கறவங்களுக்காகச் சொல்றேன். 1994ல இன்னொரு ஆய்வு, சின்ன வயசுலயே ஆரம்பிச்ச டென்னிஸ் வீரர்களோட ஆடற கையில முன்கை எலும்பு கொஞ்சம் நீளமா இருக்கறதையும் பார்த்துச்சு. பயங்கரமான பயிற்சி எடுத்தவங்க, சின்ன வித்தியாசம், அதுவும் கையில. கை நீளமானா உயரம் கூடாது, மேல் ஷெல்ஃப் வேணா எட்டும்.

கால்ல என்ன ஆகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. வலது கைக்காரங்க நெட்டுக்கு ஓடறப்போ பெரும்பாலும் வலது காலைத்தான் எட்டி ஊன்றுவாங்க. ஒரு மேட்ச்ல நூத்துக்கணக்கான தடவை. குதிச்சு ஊன்றுற அடி எலும்பை நீட்டும்னா, பேட்மிண்டன் சாம்பியன் எல்லாரும் வலது கால் நீளமாகி ஒரு பக்கம் சாஞ்சு நடக்கணும். நடக்கறாங்களா?

காலை அஞ்சு மணி பேட்ச்

இப்போ கோர்ட்டுக்கு வெளியில வாங்க. நம்ம ஊர்ல கோச்சிங் காலை அஞ்சு, அஞ்சரைக்கு ஆரம்பிக்கும். அதுக்கு நாலரைக்கு எழுந்திருக்கணும். அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் டியூஷன், ஹோம்வொர்க், ஒரு மணி நேரம் போன், படுக்க பதினொண்ணு. கணக்குப் போட்டா அஞ்சரை மணி நேரத் தூக்கம். 13லிருந்து 18 வயசுக்கு 8லிருந்து 10 மணி நேரம் வேணும்னு தூக்க நிபுணர்கள் சொல்றாங்க. வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்கறதே ராத்திரி முதல் ஆழ்ந்த தூக்கத்துலதான். உயரமாகட்டும்னு கிளாஸ்ல சேர்த்து, வளர்ச்சிக்கு வேண்டிய தூக்கத்தை அறுக்கறது எந்த ஊர் நியாயம்? சாயங்கால பேட்ச் இருந்தா அதுக்கு மாத்துங்க. இல்லன்னா ராத்திரி எட்டரைக்குப் படுக்க வைங்க. ரெண்டும் முடியலன்னா வாரத்துல மூணு நாள் போதும்.

அடுத்து சாப்பாடு. டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஆடிட்டு, நேரமாச்சுன்னு டிஃபனை விட்டுட்டு ஸ்கூல் வேன்ல ஏறற பசங்க நிறைய. செலவழிக்கற சக்திக்கு ஏத்த சாப்பாடு தொடர்ந்து வரலன்னா, உடம்பு சிக்கனத்துல இறங்கும். இதயம், மூளைக்கு முதல்ல. வளர்ச்சி, மாதவிடாய் இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளி வைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இந்த நிலைமைக்குத் தனியா ஒரு பேர் வச்சு, கோச்சுகளை எச்சரிச்சுது. குறிப்பா, விளையாடவும் செய்து, டயட்டும் இருக்கற பெண் பிள்ளைகள். மூணு மாசம் பீரியட்ஸ் வரலன்னா "டிரெய்னிங் ஸ்ட்ராங்கா போகுது"ன்னு பெருமைப்படாதீங்க, டாக்டரைப் பாருங்க.

என்ன சாப்பிடணும்னா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. போறதுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம். வந்ததும் வயிறார டிஃபன். முட்டை, பருப்பு, சுண்டல், பால், தயிர், கேழ்வரகு, நெத்திலி, வேர்க்கடலை. டப்பாவுல வர்ற பவுடர்? இந்தியாவோட உணவுச் சட்டத்துல "ஹெல்த் டிரிங்க்"னு ஒரு வகையே கிடையாது. அதனாலதான் 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம், இந்தப் பானங்களை அந்தத் தலைப்புல இருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லுச்சு. டப்பா மேல இருக்கற சர்க்கரை அளவைப் படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, ஷட்டில் உள்ளரங்க விளையாட்டு. விளையாடறானே, வெயில் படுதேன்னு நினைக்கறோம். விடியறதுக்கு முன்னாடி தகரக் கூரைக்குள்ள போய், விடிஞ்சதும் வேன்ல ஏறற பையன் மேல எங்க வெயில் படுது? நகரத்துப் பசங்களுக்கு விட்டமின் டி குறைபாடு சர்வசாதாரணம்.

அப்புறம் வலி. முட்டிக்குக் கீழ முன்பக்கம் வலி, வீக்கம். குதிகால்ல வலி. வேகமா வளர்ற வயசுல குதிக்கற விளையாட்டு ஆடற பசங்களுக்கு இது ரெண்டும் ரொம்ப சகஜம். தசைநார் வந்து ஒட்டற இடம் இன்னும் குருத்தெலும்பா இருக்கும், இழுத்து இழுத்து அது புண்ணாகுது. ஓய்வு கொடுத்தா சரியாகும், உயரத்தைப் பாதிக்காது. ஆனா "வளர்ற வலிதான், ஆடினா போயிடும்"னு சொல்ற கோச்கிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க. ஒரே இடத்துல ரெண்டு வாரத்துக்கு மேல வலி, நொண்டி நடக்கறது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பற வலி, குனிஞ்சு நிமிர்ந்தா கீழ் முதுகுல வலி, இதெல்லாம் எலும்பு டாக்டர்கிட்ட போக வேண்டியது. கீழ விழுந்து வளர்ச்சித் தட்டு வழியா எலும்பு முறிஞ்சா மட்டும், அபூர்வமா, அந்த எலும்போட வளர்ச்சி பாதிக்கும். அதைக் கட்டுப் போடற இடத்துல விட்டுட்டுக் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கறதுதான் பிரச்சினை

"சரி, உயரம் தரலன்னாலும் கெடுதல் இல்லையே, நம்பிட்டுப் போகட்டுமே"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. கெடுதல் இருக்கு. நேரம்.

ஒரு பிள்ளை உயரமாகாம இருக்கறதுக்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். தைராய்டு குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, கோதுமைப் புரதம் ஒத்துக்காத குடல் நோய், பெண் பிள்ளைகளுக்கு டர்னர் சின்ட்ரோம்னு ஒரு குரோமோசோம் நிலை. இதுல பலதுக்கும் சிகிச்சை இருக்கு. ஆனா உயரத்தைப் பொறுத்தவரைக்கும், தட்டு திறந்திருக்கறவரைக்கும்தான் அந்தச் சிகிச்சைக்கு வேலை. "கிளாஸ்ல சேர்த்திருக்கோம், ரெண்டு வருஷம் பார்ப்போம்"னு காத்திருந்தா, அந்த ரெண்டு வருஷம்தான் அந்தப் பிள்ளைக்குக் கடைசி ரெண்டு வருஷமா இருக்கலாம்.

அதனால கிளாஸ் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி சுவத்துல ஒரு பென்சில் கோடு போடுங்க. செருப்பில்லாம, குதிகால் சுவத்துல ஒட்டி, தலை மேல ஒரு தடிப் புத்தகம் வச்சு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அதே நேரத்துல. நாலு வயசுல இருந்து பருவ வயசு ஆரம்பிக்கற வரைக்கும் வருஷத்துக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறைவா வளர்ந்தா குழந்தை மருத்துவர்கிட்ட காட்டுங்க. இந்தியப் பிள்ளைகளுக்குன்னே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015ல திருத்தின வளர்ச்சி வரைபடம் இருக்கு, அதுல புள்ளி வச்சுப் பார்ப்பாங்க. பொண்ணுக்கு 13 வயசு ஆகியும், பையனுக்கு 14 ஆகியும் பருவ வயசோட அறிகுறி ஒண்ணுமே இல்லன்னாலும் போங்க. பொண்ணுக்கு 8 வயசுக்கு முன்னாடி, பையனுக்கு 9க்கு முன்னாடி அறிகுறி வந்துட்டாலும் போங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா தட்டு சீக்கிரம் மூடும். அஞ்சாவதுல கிளாஸ்லயே உயரமா இருந்த பிள்ளை, பத்தாவதுல முன் பெஞ்சுக்கு வர்றது இப்படித்தான்.

டாக்டர் இடது கையை எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லலாம். மணிக்கட்டு எலும்புகளைப் பார்த்து எலும்பு வயசு எவ்வளவுன்னு சொல்வாங்க. 14 வயசுப் பையனுக்கு எலும்பு வயசு 12ன்னு வந்தா பெரும்பாலும் நல்ல செய்தி. அவன் லேட்டா வளர்ற ரகம், இன்னும் இடம் இருக்கு. "எங்க அப்பா காலேஜ்ல வந்துதான் வளர்ந்தார்"னு சொல்வாங்கல்ல, அந்தக் குடும்பம். 19 வயசுல தட்டு மூடியாச்சுன்னு தெரிஞ்சா, அதுவும் ஒரு பதில்தான். அதுக்கப்புறம் இன்ஸ்டாகிராம்ல ஹைட் கோர்ஸ் விக்கறவங்களுக்கு ஒரு ரூபாகூடக் கொடுக்க வேண்டியதில்ல.

கடைசியா ஒரு கேள்வி, பதினாலு வயசுத் தம்பி ஒருத்தர் கேட்டது. "நான் கிளாஸ்லயே குட்டை. ஷட்டில் ஆடி என்ன பிரயோஜனம்?"

தம்பி, கிளாஸ்கோ ஃபைனலை யூடியூப்ல போட்டுப் பாருங்க. ஒகுஹாரா எப்படி ஆடினாங்கன்னு கவனிங்க. ஒரே அடியில முடிக்கப் பார்க்கல. திருப்பித் திருப்பி எடுத்து, சிந்துவைக் குனிய வச்சு, மூலைக்கு மூலை ஓட விட்டாங்க. உயரமானவங்களுக்கு இடுப்புக்கிட்ட வேகமா வர்ற ஷாட்டைச் சமாளிக்கறதும், தரையோட தரையா வர்றதை எடுக்கறதும் கொஞ்சம் தொல்லை. குள்ளமானவங்களுக்குன்னே பாரா பேட்மிண்டன்ல எஸ்ஹெச்6னு ஒரு பிரிவு இருக்கு. அதுல கிருஷ்ணா நாகர் டோக்கியோ பாராலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கினார், நம்ம தமிழ்நாட்டு நித்யஸ்ரீ சிவன் 2024 பாரிஸ்ல வெண்கலம் வாங்கினாங்க.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 2018ல இருந்து பெரிய போட்டிகள்ல சர்வீஸ் போடறப்போ காக்கை அடிக்கற உயரம் தரையில இருந்து 1.15 மீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு விதி. முன்னாடி அவங்கவங்க விலா எலும்புதான் கணக்கு, இப்போ எல்லாருக்கும் ஒரே கோடு. உங்களுக்கு அது நின்ன வாக்குல சௌகரியமா வரும். 194 சென்டிமீட்டர் இருக்கற விக்டர் ஆக்செல்சென் அதுக்காகக் கொஞ்சம் இறங்கி வரணும்.

கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.